ராசப்ப செட்டித் தெருவில் காட்டுச் சரக்கு: எதை வாங்கலாம், எதை விடலாம்

பூங்கா நகர் கந்தகோட்டத்தைச் சுற்றியுள்ள நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் காட்டுப் பொருள்களைப் பற்றிய விமர்சனம் இது. சீயக்காய், பூந்திக்கொட்டை, கடுக்காய், குங்கிலியம், நன்னாரி, தேன் என்று மரத்தை வெட்டாமல் காட்டிலிருந்து எடுத்து வரும் சரக்கு மட்டும்தான் இதில் வரும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முழுச் சரக்கு வாங்க சென்னையில் ராசப்ப செட்டித் தெருவை விட்டால் வேறு தெரு இல்லை. பொடியாக வாங்குவதென்றால் யோசிக்க வேண்டும். தேனுக்கு வேறு இடம் பார்ப்பதே நல்லது.

இங்கே சாக்கு வாயைச் சுருட்டிவிட்டு சரக்கைக் கண்முன்னால் வைத்திருக்கிறார்கள். அள்ளிப் பார்க்கலாம், ஒடித்துப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம். நூறு கிராம் கேட்டாலும் பொட்டலம் கட்டித் தருவார்கள், மூட்டைக் கணக்கில் கேட்டாலும் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். பாக்கெட் சரக்கில் இந்த வசதி கிடையாது. ஆனால் பொருள் பொடியாகவோ திரவமாகவோ ஆன பிறகு கண்ணும் கையும் மூக்கும் உதவாது. அங்கேதான் கலப்படம் நுழைகிறது.

தெருவின் பெரிய குறை வேறொன்று. “இது எந்த மலைச் சரக்கு?” என்று கேட்டால் பல கடைகளில் தெளிவான பதில் வராது. மலையாளிப் பழங்குடியினர் ஜவ்வாது மலையிலும் கல்வராயனிலும் கொல்லிமலையிலும் பொறுக்கியது, சத்தியமங்கலத்தில் சோளகரும் ஊராளிகளும் எடுத்தது, நீலகிரியில் குறும்பரும் இருளரும் இறக்கியது எல்லாம் மண்டியில் ஒரே மூட்டையாகிவிடுகிறது. பொறுக்கியவர் காய் பழுக்கும்வரை காத்திருந்தாரா, நன்றாகக் காயவைத்தாரா, கொட்டை நீக்கினாரா என்பதற்கெல்லாம் மண்டியில் தனி விலை பெரும்பாலும் கிடைப்பதில்லை. எடைக்குத்தான் காசு. எடைக்கு மட்டும் காசு என்றால் அரைகுறையாகக் காய்ந்த சரக்கு லாபம், முழுதாகக் காய்ந்த சரக்கு நஷ்டம். சென்னையில் நாம் பார்க்கும் பூஞ்சணத்துக்கும் வண்டுக்கும் முதல் காரணம் இதுதான். அதனால் வாங்குகிறவர் ரகம் பார்த்து வாங்குவதும், நல்ல ரகத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பதும் மலையில் இருப்பவரின் கூலியை நேரடியாகத் தொடும் விஷயம்.

சீயக்காயை எடுத்துக்கொள்வோம். இது முள் நிறைந்த கொடி. காய் எட்டாத உயரத்தில் தொங்கும். அவசரப்பட்டவர் கொடியையே வெட்டி இழுத்துவிட்டால் அடுத்த வருடம் அங்கே காய் இல்லை. கொடியிலேயே பழுத்துக் காய்ந்த காய் செம்பழுப்பாக, சுருக்கம் விழுந்து, ஒடித்தால் ‘படக்’ என்று ஒடியும். பச்சையாகப் பறித்துக் காயவைத்தது கறுத்து, வளைந்து கொடுக்கும், ஒடியாது. சாக்கின் மேல்பகுதியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அடியிலிருந்து ஒரு கை அள்ளச் சொல்லுங்கள். காயில் குண்டூசித் துளைகள் இருந்து, உள்ளங்கையில் மாவு மாதிரித் தூள் கொட்டினால் வண்டு அடித்த சரக்கு. அரை டம்ளர் வெந்நீரில் இரண்டு காயை உடைத்துப் போட்டு, ஆறியதும் தேய்த்தால் நல்ல சீயக்காய் நுரைக்கும். பழைய சரக்கில் நுரை எழும், நிற்காது.

அரைக்கும்போது ஒரு கிலோ சீயக்காய்க்கு கால் கிலோ பச்சைப் பயறு, நூறு கிராம் வெந்தயம், நூறு கிராம் பூலாங்கிழங்கு, ஒரு கைப்பிடி ஆவாரம்பூ என்பது போதுமான கணக்கு. நுரை தருவது காயின் தோல்தான். கொட்டையை நீக்கிவிட்டு அரைத்தால் எடை குறையும், ஆனால் பொடி நன்றாக வேலை செய்யும். எல்லாவற்றையும் இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில், ஒடித்தால் சத்தம் வரும்வரை காயவைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் இந்த வேலையை ஆரம்பிக்கவே கூடாது. ஈரம் இருந்தால் மாவு மில்லில் சல்லடை அடைத்துக்கொள்ளும், அரைத்த பொடி பத்து நாளில் கட்டியாகும். மில்லில் சீயக்காய்க்குத் தனி இயந்திரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே கொடுங்கள். மிளகாய் அரைத்த இயந்திரத்தில் அரைத்த பொடி தலையில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடையில் பொடியாக விற்கும் சீயக்காயைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. உள்ளே என்னென்ன எவ்வளவு என்று அறிய வழியில்லை.

பூந்திக்கொட்டையில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. கொட்டையோடு கிலோ என்ன விலை, கொட்டை நீக்கியது என்ன விலை? உள்ளே இருக்கும் கறுப்புக் கொட்டை மொத்த எடையில் ஏறத்தாழ பாதி. அதில் நுரை வராது. அதனால் கொட்டை நீக்கிய தோல் ஒன்றரை மடங்கு விலை என்றாலும் அதுவே லாபம். அந்தக் கூடுதல் விலை கொட்டை உடைத்த பெண்களின் உழைப்புக்கும் சேர்த்துத்தான். தோல் பிசுபிசுப்பாக, தேன் நிறத்தில் இருக்க வேண்டும். வறண்டு வெளுத்தது பழசு. பட்டுப்புடவைக்கு, ஒரு லிட்டர் வெந்நீரில் பத்துப் பன்னிரண்டு காயின் தோலை இரவு ஊறவைத்து, காலையில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, கசக்கி, துணியில் வடிகட்டினால் போதும். இந்தத் தண்ணீர் இரண்டு நாளில் புளித்து நாறும், அன்றன்றைக்குத்தான் செய்ய வேண்டும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும்.

கடுக்காய் இந்தத் தெருவின் பலம். முழுக் கடுக்காயை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் மூழ்க வேண்டும். மிதப்பது உள்ளே சுருங்கியது அல்லது பூச்சி அரித்தது. மஞ்சள் கலந்த பழுப்பு நல்லது, மழையில் நனைந்து காய்ந்தது கறுத்திருக்கும். சுக்குக்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு என்பதை மறக்காமல் கொட்டையை எடுத்துவிட்டுத்தான் இடிக்க வேண்டும். வீட்டு உபயோகத்துக்குக் கால் கிலோ வாங்குவோர் இரண்டாம் ரகம் பக்கம் போகாதீர்கள், மிச்சமாகும் காசு மிகச் சொற்பம். ஆனால் பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையை, அதாவது மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மொட்டைமாடிக் கூரையை, செப்பனிடுபவர்கள் சுண்ணாம்புக் கலவைக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் சேர்க்கிறார்களே, அவர்களுக்கு இரண்டாம் ரகமும் உடைசலும் தாராளமாகப் போதும். பூஞ்சணம் மட்டும் இருக்கக் கூடாது.

குங்கிலியத்தில் பெயர்க் குழப்பம் அதிகம். சாம்பிராணி என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்து வரும் பிசின், நம் காட்டுப் பொருளே அல்ல. கம்ப்யூட்டர் சாம்பிராணி, கப் சாம்பிராணி எல்லாம் கரித்தூளில் வாசனை ஏற்றியவை. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வருவது வெள்ளைக் குங்கிலியமும் கருங்குங்கிலியமும். கேட்கும்போது இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். தணலில் ஒரு துண்டு போட்டால் நல்ல குங்கிலியம் உருகிக் கொப்பளித்து, லேசான எலுமிச்சைச் சாயலோடு மணக்கும். டர்பன்டைன் வாசனை முன்னால் வந்தால் பைன் மரப் பிசின் கலந்திருக்கிறது. தூளை விட்டுவிட்டு, மரப்பட்டைத் துணுக்கு ஒட்டிய கட்டியாகவே வாங்குங்கள். பட்டை ஒட்டியிருப்பதைக் குறையாக நினைக்க வேண்டாம், மரத்திலிருந்து வழிந்து இறுகியதற்கு அது அடையாளம். கருங்குங்கிலியம் எடுக்க மரத்தடியில் தீ வைப்பதும், ஆழமாகக் கொத்துவதும் மரத்தையே சாகடிக்கும். மெல்லக் கீறி, வழிந்து இறுகும்வரை காத்திருந்து எடுப்பவருக்கு ஒரு பருவத்தில் கிடைப்பது கொஞ்சம்தான். இந்தப் பொருள் மலிவாகக் கிடைத்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை.

இனி தேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

சென்னையில் ‘மலைத்தேன்’ என்ற சீட்டு ஒட்டிய பாட்டிலில் மூன்று வகைத் தேன் இருக்கலாம். ஒன்று, பாறையிலும் உயர்ந்த மரத்திலும் ஒற்றை அடையாகக் கட்டும் பெருந்தேனீயின் தேன். இதைப் பெட்டியில் வளர்க்க முடியாது, மலையேறித்தான் எடுக்க வேண்டும். இரண்டு, பெட்டியில் வளர்த்த இந்தியத் தேனீயின் தேன். இதில் பெரும்பங்கு மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வருவது, ரப்பர் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பை எடுத்து ஈக்கள் செய்வது. நல்ல தேன்தான், சீக்கிரம் உறையும். ஆனால் அதை மலைத்தேன் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. மூன்றாவது, சர்க்கரைப் பாகு. கொம்புத்தேன் என்று கேன் கேனாக வைத்திருந்தால் பக்கத்தில் போகாதீர்கள். கொம்புத்தேனீ என்பது கிளையில் கூடு கட்டும் சிறிய தேனீ, அதன் ஒரு கூட்டில் கிடைப்பது சில நூறு கிராம்தான்.

தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் தங்கும், தீக்குச்சியில் தடவிக் கொளுத்தினால் எரியும், எறும்பு மொய்க்காது, நாய் நக்காது என்று சொல்லப்படும் சோதனைகள் எதுவும் பயன்படாது. கெட்டியான பாகும் இவற்றில் தேறும், ஈரம் கூடுதலான அசல் மலைத்தேன் தோற்கும். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளைச் சோதித்ததில் 3 மட்டுமே எல்லாச் சோதனைகளிலும் தேறின. வழக்கமான ஆய்வகச் சோதனைகளைத் தாண்டுவதற்கென்றே தயாரான பாகுகள் சந்தையில் இருப்பது அப்போதுதான் பரவலாகத் தெரிந்தது. ஆய்வகமே தடுமாறும் இடத்தில் தீக்குச்சி என்ன செய்யும்?

மலைத்தேனின் அசல் பிரச்சினை ஈரம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பெருந்தேனீயின் தேன் பல சமயம் அதைத் தாண்டித்தான் வரும். ஈரம் கூடினால் தேனிலேயே இருக்கும் ஈஸ்ட் புளிக்க வைக்கும். மூடி உப்பும், திறந்தால் ‘புஸ்’ என்று காற்று வரும், மேலே நுரை கட்டும், வாசனையில் கள் சாயல் தட்டும். அது கலப்படத்தின் அடையாளம் அல்ல, சரியாகக் கையாளாததன் அடையாளம். இதைத் தவிர்க்க அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் தேனின் மணமும் நொதிகளும் போய், நிறம் கறுக்கும். நல்ல கூட்டுறவுகள் குறைந்த வெப்பத்தில் ஈரத்தை மட்டும் இறக்குகின்றன. அதற்கு இயந்திரமும் நேரமும் வேண்டும், விலையில் அது தெரியும்.

எடுக்கும் விதத்திலும் பாதித் தரம் நிர்ணயமாகிவிடுகிறது. பெருந்தேனீ அடையில் தேன் ஒரு பக்கத்து மேல் மூலையில் தடித்துத் தொங்கும், புழுக்கள் கீழே இருக்கும். தேன் பகுதியை மட்டும் அறுத்து எடுத்தால் ஈக்கள் அடையை மீண்டும் கட்டிக்கொள்ளும், தேனும் தெளிவாக இருக்கும். அடையை மொத்தமாக அறுத்துப் பிழிந்தால் புழுச்சாறு கலந்து தேன் கலங்கும், சீக்கிரம் புளிக்கும், அந்தக் கூட்டமும் அழியும். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, அடியில் பால் போன்ற கலங்கல் தெரிந்தால் வாங்காதீர்கள். மேலே மெல்லிய மெழுகுத் துணுக்கு மிதந்தால் பரவாயில்லை. உறைந்திருந்தாலும் பரவாயில்லை, வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகிவிடும்.

விலையைப் பார்க்கும்போது அளவைப் பாருங்கள். தேன் தண்ணீரை விடக் கனம், ஒரு லிட்டர் ஏறக்குறைய 1.4 கிலோ. அதனால் 500 மில்லி பாட்டிலில் 700 கிராம் தேன் இருக்கும், 500 கிராம் பாட்டிலில் 360 மில்லிக்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். இரண்டையும் ஒரே விலையில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருக்கும் கடைகள் உண்டு. இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். மத்திய அரசு 2020 மே மாதம் திருத்திய பட்டியலில் காட்டுத்தேனுக்கு ஆதரவு விலை கிலோவுக்கு 225 ரூபாய், அதற்கு முன் 195. அதாவது மலையில் எடுத்தவருக்கே அரைக் கிலோவுக்கு 112 ரூபாய் 50 காசு போக வேண்டும். அதன்மேல் வடிகட்டல், ஈரம் இறக்கல், பாட்டில், வண்டி, கடை வாடகை. அரைக் கிலோ மலைத்தேன் 150 ரூபாய் என்றால் கணக்கு உதைக்கிறது. ஒன்று அது மலைத்தேன் இல்லை, அல்லது எடுத்தவருக்குக் கூலி போகவில்லை.

ஆகவே தேனை, எடுத்தவர்களின் அமைப்பு வழியாக வருவதாகப் பார்த்து வாங்குங்கள். 1993-ல் தொடங்கி, கோத்தகிரியிலிருந்து இயங்கும் கீஸ்டோன் தொண்டு நிறுவனத்தின் முயற்சியில் உருவான லாஸ்ட் ஃபாரஸ்ட் விற்பனை நிறுவனம், பழங்குடியினரே பங்குதாரர்களாக உள்ள ஆதிமலை உற்பத்தியாளர் நிறுவனம், மத்திய அரசின் பழங்குடியினர் கூட்டுறவுச் சந்தை அமைப்பான ட்ரைபெட் நடத்தும் ட்ரைப்ஸ் இந்தியா கடைகள் ஆகியவை இந்த வகை. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் மூலிகைகளில் நீண்ட காலமாக வேலை செய்கிறது. எங்கே வாங்கினாலும் சீட்டில் எடுத்த இடம், எடுத்த மாதம், தொகுப்பு எண், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு வருடமும் ஒரே நிறம், ஒரே ருசி என்று எதிர்பார்க்க வேண்டாம். நாவல் பூத்த காட்டில் எடுத்தது லேசாகக் கசக்கும், அதுவே அதன் குணம். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எந்தத் தேனும் கொடுக்கக் கூடாது.

ஆதரவு விலை காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது, பொருள் தன்னுடையது என்ற உரிமை வேண்டும். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம், பாரம்பரியமாகச் சேகரித்துவந்த சிறு வனப்பொருள்களின் உடைமையை, அதாவது சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவுமான உரிமையை, காட்டில் வாழ்வோருக்குத் தந்தது. தேன், மெழுகு, மூங்கில், மூலிகை, கிழங்கு எல்லாம் அதில் அடங்கும். தமிழ்நாட்டில் 2008-ல் வந்த உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் உரிமைப் பட்டா வழங்குவது நின்றுபோய், 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகுதான் நகர்ந்தது. அந்த எட்டு வருடத் தாமதத்தின் விளைவு இன்றைக்கும் மலையூர்களில் இருக்கிறது. உரிமை இல்லாதவர் பேரம் பேச முடியாது, முன்பணம் கொடுத்த வியாபாரி சொல்வதே விலை.

கிழங்கு வகைகளில் மட்டும் வாங்குகிறவர் கொஞ்சம் கையைக் கட்டிக்கொள்வது நல்லது. காயும் தேனும் எடுத்தால் கொடியும் மரமும் நிற்கும். வேரைத் தோண்டினால் செடியே போய்விடும். மாகாளிக்கிழங்கு இதில் முதலாவது. மயிலாப்பூரிலும் மேற்கு மாம்பலத்திலும் விற்கும் இந்தக் கிழங்கு பெரும்பாலும் காட்டில் தோண்டியது, அருகிவரும் செடி. பெருவிரல் தடிமனுக்குக் குறைந்த கிழங்கை வாங்காதீர்கள். இளசைத் தோண்டுவதற்குச் சந்தை இல்லாமல் போக வேண்டும். வாங்கினால் வீணாக்காதீர்கள், ஊறுகாய் போட்டுவிடுங்கள். ஒரு கிலோ கிழங்கை இரவு முழுக்க ஊறவைத்து மண் போகக் கழுவி, தோல் சீவி, நடுவில் இருக்கும் கட்டை வேரை உருவிவிட்டு, நறுக்க நறுக்க உப்புப் போட்ட புளித்த மோரில் போட வேண்டும். வெளியே வைத்தால் பத்து நிமிடத்தில் கறுக்கும். பிறகு 50 கிராம் மிளகாய்த்தூள், 25 கிராம் கடுகுத்தூள், மஞ்சள். துண்டுகள் எப்போதும் மோரில் அமிழ்ந்திருக்க வேண்டும். மேலே தலை நீட்டிய துண்டில்தான் பூஞ்சணம் பிடிக்கும்.

நன்னாரி என்று கேட்டால் சில கடைகளில் காய்ந்த மாகாளி வேரைக் கொடுத்துவிடுகிறார்கள், வாசனை கிட்டத்தட்ட ஒன்று. நன்னாரி வேர் பென்சிலை விட மெல்லியது, மேல்பட்டை குறுக்கே வெடித்து, வளைத்தால் உள்கட்டையிலிருந்து தானாகக் கழன்று வரும். மாகாளி தடித்துச் சுருங்கியிருக்கும். மணம் முழுக்கப் பட்டையில்தான். நூறு கிராம் வேரைத் தட்டிக் கட்டையை எறிந்துவிட்டு, பட்டையை ஒரு லிட்டர் வெந்நீரில் இரவு ஊறவிட்டு வடிகட்டி, ஒன்றரைக் கிலோ சர்க்கரை சேர்த்துப் பாகு காய்ச்சலாம். வேரைப் போட்டே கொதிக்கவிட்டால் மணம் ஆவியில் போய்விடும். தயாரித்த சர்பத் அடர்சிவப்பாக இருந்தால் நிறம் சேர்த்தது, வீட்டில் செய்தது இளம்பழுப்பாகத்தான் வரும்.

போகிறவர்களுக்கு: சென்ட்ரல் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம், காரில் போனால் நிறுத்த இடம் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் திறப்பதில்லை. சீயக்காயும் பூந்திக்கொட்டையும் மாசி, பங்குனியில் புதுச் சரக்கு வந்த பிறகு வருடத்துக்கும் சேர்த்து வாங்கி, சித்திரை வெயிலில் காயவைத்துவிடுங்கள். வாசனைப் பொருள்களுக்கு இறுக்கமான டப்பாவும் மற்றவற்றுக்குத் துணிப்பையும் கையோடு எடுத்துப் போங்கள். ‘முதல் ரகம்’ என்று வாயால் சொன்னால் அதையே பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரும் கடையில் சரக்கும் பெரும்பாலும் சரியாக இருக்கும். கேட்கும்போதே எந்த மலை, எந்த மாதத்து வரத்து என்றும் சேர்த்துக் கேளுங்கள். நிறையப் பேர் கேட்க ஆரம்பித்தால் கடைக்காரரும் மண்டியில் அதைக் கேட்டாக வேண்டும்.